யன்னலில் தெரிந்த மலைக்குப் போய் வந்தோம், ஜசிந்தா

என் செல்லத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று தொடங்கத்தான் கை போகிறது. நீ இருக்கிற இடத்தில் சுகத்துக்குக் குறைவில்லை என்று எங்கள் பங்குச் சுவாமி இங்கே வைத்த உன் ஆண்டுப் பூசையில் சொன்னார். அவர் சொன்னால் சரிதான். இங்கே நாங்கள் இருக்கிறோம், மழை பிந்திவிட்டது, உன் மச்சாளுக்கு முழங்கால் வலி, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் வெளியில் வானை நிழலுக்குள் விட்டுவிட்டு, ஸ்ரேரிங்கில் ஒரு மட்டையை வைத்து இதை எழுதுகிறேன். ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தைப் பொங்கலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். பானை இப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கிறது. பொங்கி, படைத்து, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கி முடிய மத்தியானமாகிவிடும். ஹயருக்கு வான் ஓடுகிறவனுக்குக் காத்துக்கொண்டு இருப்பதுதான் பாதித் தொழில் என்று நீ பகிடி பண்ணுவாயே, அந்தத் தொழிலில்தான் இப்போது இருக்கிறேன்.

பங்கு மலரில் போட ஒரு நினைவுக் கடிதம் எழுதித் தா என்று சுவாமி கேட்டார். நாலு பேர் வாசிப்பார்கள் என்பதற்காக உன்னோடு நான் மரியாதைத் தமிழில் கதைக்கப் போவதில்லை. போன இடத்தில் நடந்ததில் உன் மச்சாளுக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை அவளும் இதிலேயே வாசிக்கட்டும்.

இத்தாலிக்குப் போய் வந்துவிட்டேன், தங்கச்சி. நீ கூப்பிட்ட காலமெல்லாம் வர முடியாதவன், நீ இல்லாத வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதை என்னவென்று சொல்வது?

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ அங்கே உம்பிரியா என்கிற பகுதியில், சமவெளியில் இருந்த ஒரு வீட்டில், வயோதிப அம்மா ஒருவரைப் பார்த்துக்கொண்டாய். சிஞ்ஞோரா என்றுதான் எங்களுக்கு அவரைத் தெரியும். அந்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை உனக்கும் உன் மகள் மரீனாவுக்கும். மரீனாவின் தகப்பன் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனவர், அவரை விடுவோம். உன் குசினி யன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மலை. உச்சியில் மதில் சூழ்ந்த ஊர், நடுவில் கோயில் கோபுரம். பெயர் மொன்டேபால்கோ. வேறு யன்னல்களில் வேறு மலைகள், வேறு ஊர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓய்வு. ஆனால் அன்றைக்குப் பார்த்து மலைக்கு பஸ் இல்லை. உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் பூசை முடிந்து வந்து எனக்குத்தான் போன் எடுப்பாய். அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். அண்ணா வந்தால் சின்னக் கார் ஒன்று வாடகைக்கு எடுப்போம், அண்ணா ஓட்டுவான், நான் முன்சீற்றில் இருப்பேன், மரீனாவும் சிஞ்ஞோராவும் பின்னால், சக்கரக் கதிரை டிக்கியில். இதுதான் நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கதை. எத்தனை வருஷம் கதைத்தோம்?

நான் போட்ட முதல் திட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வருகிறது. மடு மாதா கோயிலுக்கு ஆள் ஏற்றுகிறவன் வேறு எப்படிப் போடுவான்? விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவது, புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொள்வது, ஒரே நாளில் ஆறு ஊர், ஆறு கோயில், வழியில் ஒரு மரத்தைக் கண்டால் இறங்கிச் சாப்பாடு. நீ சிரித்த சிரிப்பில் மரீனா ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டது எனக்கும் கேட்டது.

பிறகு எனக்குப் பாடம் எடுத்தாய். கோயில்களை மத்தியானம் பூட்டிவிடுவார்களாம். சாப்பாட்டுக் கடைகளில் பன்னிரண்டரைக்கு அடுப்பு மூட்டினால் இரண்டரைக்கு அணைத்துவிடுவார்களாம், அதற்குப் பிறகு பாப்பரசர் வந்தாலும் இரவுக்குத்தான் சாப்பாடாம். காரை மதிலுக்குள் விடக் கூடாதாம், கீழே விட்டுவிட்டு ஏற வேண்டுமாம். பசிக்கிற நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்காத ஊரும் ஒரு ஊரா என்று எனக்குக் கோபம் வந்தது.

"எங்கடை கடையளிலை மட்டும் ரெண்டரைக்குப் பிறகு சோறு இருக்கோ அண்ணா?" என்று கேட்டாய்.

சோறு இல்லாவிட்டால் ரொட்டி இருக்கும், ரொட்டி இல்லாவிட்டால் பிளேன்ரீயும் வடையும் இருக்கும், மாங்குளம் சந்தியில் பசியோடு ஒருத்தனையும் திருப்பி அனுப்பியதில்லை என்று நான் ஊரை விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். கடைசியில் நீதான் வென்றாய். காலையில் ஓர் ஊர், பின்னேரம் ஓர் ஊர், நடுவில் ஆறுதலாகச் சாப்பாடு. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

சிஞ்ஞோராவும் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். அசிசிக்குப் போனால் கும்பிடு, ஆனால் அங்கே சாப்பிடாதே, கூட்டத்துக்குச் சமைக்கிற சாப்பாடு. சாப்பிட வேண்டுமென்றால் கீழே பெவாஞ்ஞாவுக்கு இறங்கி வா. திரேவியில் புது எண்ணெய் வருகிற காலத்தில் சுட்ட பாணில் அந்த எண்ணெயை ஊற்றிச் சாப்பிடு, வேறு ஒன்றும் கேட்காதே. வெள்ளிக்கிழமையென்றால் இறைச்சி வேண்டாம், பருப்பு சூப் சொல்லு. அவர் சொல்வதை நீ எனக்குத் தமிழில் சொல்ல, நான் கேட்பதை நீ அவருக்குச் சொல்ல, ஒரு காலமும் காணாத மனுசியோடு நான் எண்ணெய்க்கும் பருப்புக்கும் சண்டை பிடித்தேன். கல்லில் சுடுகிற ரொட்டி ஒன்று அங்கேயும் இருக்கிறது, எங்கள் ரொட்டியின் சொந்தக்காரன் மாதிரி என்று நீ சொன்னபோதுதான் அந்த நாட்டில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

மலையில் வான் ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. வன்னியில் ஏற்றம் என்றால் குளக்கட்டுதான். இதற்காகவே கிளிநொச்சியில், மலையகத்திலிருந்து வந்து குடியேறின லொறிக்காரர் ஒருவரைப் பிடித்து, வளைவில் எந்தக் கியர், இறக்கத்தில் பிறேக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டுவைத்தேன். எந்த மலைக்குத் தம்பி என்றார். இத்தாலி மலைக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

விசாவை முதலில் மறுத்தார்கள். பிறகும் மறுத்தார்கள். மறுபடி கடதாசி சேர்த்துக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். குசினியில், அடுப்பில் பால் இருக்க, அந்த யன்னலோரக் கதிரையில் சாய்ந்தபடி. மரீனாதான் எடுத்துச் சொன்னாள். பால் பொங்கி மணத்தபோதுதான் தான் எழும்பி வந்ததாகச் சொன்னாள். உன் அடக்கத்தை நான் கைபேசியில் பார்த்தேன். இடையில் சிக்னல் போய் வந்தபோது பெட்டி உள்ளே போயிருந்தது.

ஆண்டுப் பூசைக்கு மரீனா என்னை அழைத்தாள், இந்த முறை விசா கிடைத்தது. ஏன் இப்போது கிடைத்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? மச்சாள் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் கட்டித் தந்தாள். அங்கே தேங்காய் முற்றிக் காய்ந்ததுதான் வருகிறது என்று நீ புறுபுறுப்பாயே, அதனால் சம்பலுக்கென்று நல்ல தேங்காய் இரண்டை நானே உரித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

மரீனா ஸ்ரேசனுக்குக் கார் கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள், ஆனால் கண் என் முகத்தில் நிற்கவில்லை. வீடு வரும்வரை கேட்டதற்குத்தான் பதில். ஆனால் அவள் வாயைத் திறந்தால் உன் தமிழ். முல்லைத்தீவைக் காணாத பிள்ளை முல்லைத்தீவுத் தமிழ் கதைக்கிறாள், கொஞ்சம் மெதுவாக, சொல்லைத் தேடித் தேடி. கேட்டுக்கொண்டு வந்த எனக்கு வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

சிஞ்ஞோரா இன்னும் இருக்கிறார். உன்னைவிட எத்தனையோ வயது மூத்த மனுசி, உன் இடத்துக்கு வந்த வேறு ஒரு பெண் ஊட்டிவிட, உன் யன்னலடியில் இருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு மரீனாவிடம் ஏதோ கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்கிறா என்று மரீனா சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவள் முகம் இறுகிவிட்டது.

உன் பூசை முடிந்த சனிக்கிழமை பின்னேரம், குசினி மேசையில் வைத்து நான் திட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். முதலில் எதிர்மலை, பிறகு திரேவி, வெள்ளிக்கிழமை பெவாஞ்ஞா. நீ சொன்னபடியே ஒழுங்காகச் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த மலைக்கு எவ்வளவு நேரம் போகும் எண்டு தெரியுமோ மாமா?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். "அரை மணித்தியாலம்கூட இல்லை. நான் லைசன்ஸ் எடுத்த அண்டைக்கே அம்மாவைக் கேட்டனான், வாங்கோ இப்பவே போவம் எண்டு. மாமா வரட்டும் எண்டு சொல்லிப்போட்டா. ஒவ்வொரு முறையும் மாமா வரட்டும். நான் பள்ளிக்கூடத்தாலை போன இடங்களைத் தவிர ஒண்டும் பாக்கேல்லை. அம்மா யன்னலாலை பாத்துக்கொண்டே செத்துப்போனா."

ஜசிந்தா, நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. மகள் கார் ஓட்டப் பழகிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னாய், அவள் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அந்த மலை ஏதோ முல்லைத்தீவிலிருந்து மடு மாதிரி ஒரு நாள் ஓட்டம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். ஏன் போகவில்லை நீ? மகளோடு ஒரு பின்னேரம் போய்விட்டு வந்து, என்னோடு இன்னொரு முறை போயிருக்கக் கூடாதா? மலை என்ன தேய்ந்தா போகும்?

நாளைக்குப் போக வேண்டாம் பிள்ளை, விடு என்றேன். லீவு எடுத்தாயிற்று, போவோம் என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், மலையைப் பற்றிய பயமில்லை. உன் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை, எங்கள் குடும்பத்தில் எனக்குக் கீழே மிஞ்சியிருக்கிற ஒரே உயிர். எனக்கும் மச்சாளுக்கும் பிள்ளை இல்லை. இந்தப் பயணம் முடிந்து இவள் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டால், பிறகு நத்தாருக்கு ஒரு வாழ்த்தோடு சரி, அதுவும் நாலைந்து வருஷத்தில் நின்றுவிடும் என்று தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த மலை இல்லை, அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து வெளிக்கிட ஒன்றரையாகிவிட்டது. என் லைசன்ஸ் அங்கே செல்லாது, அவள்தான் ஓட்டினாள். முன்சீற்றில் வலப்பக்கம் நான். என்னுடைய பக்கம்தான், ஸ்ரேரிங்தான் இல்லை. அவள் வேகம் பிடிக்கும்போதெல்லாம் என் வலக்கால் இல்லாத பிறேக்கை மிதித்தது. வளைவில் ஹோர்ன் அடிக்கச் சொன்னேன். அங்கே அடிக்க மாட்டார்களாம்.

சந்தியில் அந்த மாதா வந்தது. நீ சொன்ன அதே மாதா, றோட்டோரச் சுவரில் சின்னக் கூடு, முன்னால் வாடின பூ. "எங்கடை முறிகண்டி எண்டு வைச்சுக்கொள்ளுவம் அண்ணா, அதிலை நிப்பாட்டாமல் போகப்பிடாது" என்று நீ சொல்லியிருந்தாய். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகிற சாரதி வன்னியில் இல்லை. வேதக்காரன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாமா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் ஏ-ஒன்பது றோட்டில் வான் ஓட்டிப் பார்க்கட்டும். நிப்பாட்டு பிள்ளை என்றேன். இதில் நிற்க இடமில்லை மாமா என்றாள். நான் கெஞ்ச, புறுபுறுத்துக்கொண்டு ஓரம் கட்டினாள். நான் இறங்கி, இதற்கென்றே பையில் போட்டுக்கொண்டு வந்த தேங்காயை எடுத்து, மாதாவின் காலடிக் கல்லில் ஒரே அடி.

அவ்வளவுதான், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு கட்டியபடி ஒரு பெரியவர், கையில் முள்ளுக்கரண்டியோடு, சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். மாதாவுக்கு ஏதோ கெடுதல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். பின்னால் இரண்டு கார் நின்று ஹோர்ன் அடித்தது. அடிக்க மாட்டார்கள் என்றாளே, நன்றாக அடித்தார்கள். மரீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அந்த மனிதருக்கு இத்தாலிய மொழியில் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. கடைசியில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்த அம்மா தேங்காய்த் தண்ணீர் ஓடின இடத்தை ஒரு குவளை நீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சிலுவை போட்டார். உழவு மெஷினுக்கும் இப்படி உடைக்கலாமா என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். உடைக்கலாம் என்று சொல்லச் சொன்னேன்.

காருக்குள் ஏறினோம். கொஞ்ச தூரம் போய், இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். உன் அம்மாதான் இந்த மாதாவைத் திட்டத்தில் போட்டவள் என்றேன். அந்தச் சந்தியால் அம்மா கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்கு நடந்து போவா, எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை என்றாள்.

இந்தக் கூத்தில் சாப்பாடு போய்விட்டது. காரை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு, அந்தக் கல்லு ஒழுங்கையில் மூச்சு வாங்க ஏறி மேலே போக இரண்டரை தாண்டிவிட்டது. சிஞ்ஞோரா சொன்ன கடையில் கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததிலும் தலையாட்டல். கோயிலும் பூட்டு. எத்தனையோ வருஷமாக நீயும் நானும் சிஞ்ஞோராவும் கூடிப் போட்ட திட்டம், ஒரு தேங்காயில் உடைந்து போனது. கடைசியில் ஒரு கோப்பிக் கடையில், காலையில் சுட்ட அந்தக் கல்லு ரொட்டி இரண்டு கிடைத்தது. அதையும் என் பையிலிருந்த தேங்காய்ப் பாதிகளையும் வைத்துக்கொண்டு மதில் கட்டில் இருந்தோம். அவள் பேனாக் கத்தியால் தேங்காயைக் கிளறிக் கிளறி எடுத்தாள். ரொட்டியும் தேங்காய்ச் சொட்டும் நல்லாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. தானியம் சேமிக்கிற ஒரு உயரமான சீமெந்துக் கோபுரத்தை அவள் கையால் காட்டினாள். அதற்குப் பக்கத்தில்தான் உங்கள் வீடு. கூரை மட்டும் தெரிந்தது, யன்னல் தெரியவில்லை. அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள்.

"ஏன் மாமா, என்னோடை வந்திருக்கலாம்தானே?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், ஜசிந்தா. நான் நினைப்பது பிழையென்றால் மன்னித்துக்கொள். நீ ஒரு முறை போய்விட்டால் நமக்குக் கதைக்க ஒன்றும் இராது என்று பயந்தாய். "உன்ரை அம்மாவும் நானும் வேறை என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை? எங்கை தொட்டாலும் செத்த ஆக்களின்ரை கதைதான் வரும். இது ஒண்டுதான் ஒருத்தரும் சாகாத கதை. அதை முடிக்க அவாவுக்கு மனம் வரேல்லை."

அவள் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு அம்மா அந்த மலையையும் காட்டேல்லை, அந்த ஆக்களையும் காட்டேல்லை," என்றாள். "அம்மம்மா, அம்மப்பா, யூட் மாமா, மூண்டு பேரும் எனக்குப் படம் மட்டும்தான். அவையள் என்னெண்டு செத்தவை எண்டுகூட எனக்குத் தெரியாது. நீங்களாவது சொல்லுங்கோ."

ஊருக்கு வா, வந்தால் அந்த இடத்தில் வைத்தே சொல்கிறேன் என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் பிறந்த நாள் முதல் கேட்டுக் கேட்டு அலுத்த அந்த ‘வரட்டும்’ என்கிற வார்த்தையைத்தான் நான் மறுபடி அவள் கையில் கொடுக்கிறேன்.

அந்த மதிலில் இருந்தே சொன்னேன், தங்கச்சி. உனக்கும் நான் சொல்லாததை. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இருவரும் திரேவி எண்ணெயைப் பற்றிக் கதைத்தோம். இன்றைக்கு உனக்கும் சொல்கிறேன். சண்டையின் கடைசி மாதங்களில் எல்லோரும் முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பக்கம் நெருக்கப்பட்டபோது பழைய வானில்தான் அம்மாவையும் அப்புவையும் யூட்டையும் வைத்திருந்தேன். முன்சீற்றில் அம்மா. எல்லோரும் வாகனங்களை விட்டு இறங்கி நடந்தார்கள், அவ இறங்க மாட்டேன் என்றுவிட்டா. கால் ஏலாது, நடக்கிறவர்களுக்குப் பாரமாக வர மாட்டேன் என்றா. அப்பு அவவை விட்டு வர மாட்டார், யூட் அவர்களை விட்டு வர மாட்டான். கொஞ்ச டீசல் கிடைத்தால் இன்னும் கொஞ்சத் தூரம் போகலாமென்று நான் தேடிப் போனேன். கிடைத்தது. போத்தலோடு திரும்பி வந்தபோது வான் நின்ற இடத்தில் வான் இல்லை. எரிந்த மணல்தான் இருந்தது.

நான் போகும்போது யூட் பின்னால் கூப்பிட்டு, வரும்போது அம்மாவுக்குத் தேயிலை எங்காவது கிடைத்தால் வாங்கி வா என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. இதை நான் சொன்னபோது மரீனா என் கையைப் பிடித்தாள். நான் அங்கே போய் இறங்கிய நாளிலிருந்து அதுவரை அவள் என்னைத் தொட்டது ஸ்ரேசனில் மட்டும்தான். யூட் மாமா என்ன மாதிரி ஆள் என்று கேட்டாள். சோம்பேறி என்றேன். வடிவாகச் சீட்டி அடிப்பான், வானைக் கழுவச் சொன்னால் ஒரு பக்கம்தான் கழுவுவான் என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், நானும் சிரித்தேன். கோயில் திறந்த சத்தம் கேட்டது. நாங்கள் போகவில்லை, கதைத்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சிஞ்ஞோரா கேட்டார். ரொட்டியும் தேங்காயும் என்று மரீனா சொன்னதும், இத்தனை வருஷம் சொல்லித் தந்ததெல்லாம் வீண் என்று எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. மற்ற நாட்களில் மற்ற ஊர்களுக்கும் போனோம். திட்டமெல்லாம் மரீனாவின் திட்டம். ஓரிடத்தில் நேரத்துக்குப் போய் உண்மையாகவே கதிரையில் இருந்து சாப்பிட்டோம். அந்தப் பருப்பு சூப்பில் இன்னும் கொஞ்சம் உறைப்பு இருந்திருக்கலாம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு அழைப்பு வருகிறது. உன் கதை மாதிரி இல்லை. அவள் நேரே கேட்கிறாள். அப்பு எந்தப் படகில் தொழிலுக்குப் போனார், அம்மம்மாவுக்குப் பிடித்த மீன் எது, யூட் யாரையாவது விரும்பினானா என்று. சில கேள்விக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை. சில கேள்விக்குத் தெரிந்தும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். மச்சாள் பக்கத்தில் இருந்து அடியெடுத்துக் கொடுக்கிறாள். போன கிழமை சிஞ்ஞோராவைச் சக்கரக் கதிரையோடு ஏற்றிக்கொண்டு திரேவிக்குப் போனாளாம். எண்ணெய் இன்னும் புதுசு வரவில்லை என்று கடைக்காரரோடு மனுசி சண்டையாம்.

மடு ஆவணித் திருவிழாவுக்கு வருகிறாள், ஜசிந்தா. ரிக்கற் எடுத்துவிட்டாள், என்னைக் கேட்டு எடுக்கவில்லை.

முள்ளிவாய்க்கால் றோட்டால் நான் ஒரு கிழமையில் எத்தனை தரம் ஓடுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஹயருக்கு வருகிறவர்கள் அங்கே நிற்கச் சொன்னால் நிற்பேன், ஆனால் நான் இறங்குவதில்லை. மணலுக்குள் ரயர் புதையும், வான் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறேன். அம்மாவோடு வான் நின்ற அந்த இடத்தின் பக்கம் கண்ணைத் திருப்பியதுமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

அவள் வந்த மறுநாளே அங்கே போவோம். நான் வானை நிறுத்துவேன், நிறுத்தி இறங்குவேன், அவளுக்கு முன்னால் நடந்து போய் இதுதான் இடம் என்று காட்டுவேன். உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். நீ கேட்காததையும் சேர்த்து அவளுக்குக் காட்டுவேன். அன்றைக்கு மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்று மட்டும் நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கப் போவதுமில்லை. அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரமும் நிற்போம். பசித்தால் பிள்ளை சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரு வயிற்றில் கிடந்தவன், மரீனாவின் தாய்மாமன்,
அண்ணன் சூசைதாசன்